வீட்டுக் கம்ப்யூட்டருக்கு எந்த ஆன்டிவைரஸ்? காசு கொடுத்து வாங்கத்தான் வேண்டுமா?

2 ஆகஸ்ட் 2025, காலை

வந்த கேள்வி இது: "விண்டோஸ் 10 லேப்டாப். வாங்கி ஏழு வருஷம் ஆச்சு. கூடவே வந்த ஆன்டிவைரஸ் காலாவதியாகி, தினமும் சிவப்புப் பெட்டி வந்து 'உங்கள் கம்ப்யூட்டர் ஆபத்தில் இருக்கிறது' என்கிறது. நானும் அப்பாவும்தான் உபயோகிக்கிறோம். பேங்க் வேலை, போட்டோ, கொஞ்சம் டைப்பிங். இதையே புதுப்பிக்கவா, வேறு வாங்கவா, ஒன்றுமே வேண்டாமா?"

புதுப்பிக்க வேண்டாம். வேறு வாங்கவும் வேண்டாம். விண்டோஸோடு வரும் டிஃபெண்டரே போதும். காலாவதியானதை நீக்கிவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். வீட்டுக் கம்ப்யூட்டர் யாருடையதாக இருந்தாலும் என் பதில் இதுதான்.

2 ஆகஸ்ட் 2025, இரவு

"டிஃபெண்டர் எல்லாம் ஒரு ஆன்டிவைரஸா?" என்று திருப்பிக் கேட்டிருக்கிறார். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் தலையாட்டியிருப்பேன். விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் அந்தப் பெயரில் இருந்தது உளவு மென்பொருளை மட்டும் பார்க்கும் ஒரு சின்ன கருவி. 2009-ல் மைக்ரோசாஃப்ட் செக்யூரிட்டி எசன்ஷியல்ஸ் தனியாக, இலவசமாக வந்தது. 2012-ல் விண்டோஸ் 8 வந்தபோதுதான் முழு ஆன்டிவைரஸாக விண்டோஸுக்குள்ளேயே உட்கார்ந்தது. அந்த ஆரம்ப வருஷங்களில் சோதனைக்கூடங்களில் கடைசி வரிசையில்தான் இருந்தது. அப்போது கிடைத்த கெட்ட பெயர் இன்னும் போகவில்லை. மதிப்பெண்கள் மாறிப் பல வருஷம் ஆகிறது.

நீக்கும்போது ஒரு விஷயம். செட்டிங்ஸில் போய் அன்இன்ஸ்டால் கொடுத்தால் சில ஆன்டிவைரஸ்கள் பாதி வேரை விட்டுவிட்டுப் போகும். பெரும்பாலான நிறுவனங்கள் தங்கள் மென்பொருளை அடியோடு நீக்க ஒரு சின்ன கருவியைத் தனியாகத் தருகின்றன. அதை ஓட்டுங்கள். வேறொரு ஆன்டிவைரஸ் விண்டோஸிடம் தன்னைப் பதிவு செய்துகொண்டால் டிஃபெண்டர் ஒதுங்கிவிடும். பழையதன் பதிவு மிச்சமிருந்தால் அது திரும்பி வராமலே போகலாம். நீக்கி முடித்ததும் விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து பச்சை டிக் இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள்.

5 ஆகஸ்ட் 2025

நீக்கிவிட்டாராம். பச்சை டிக் வந்துவிட்டதாம். "ஆனால் இப்போது இன்னும் மெதுவாகிவிட்டது, டாஸ்க் மேனேஜரில் 'ஆன்டிமால்வேர் சர்வீஸ் எக்ஸிகியூட்டபிள்' என்று ஒன்று டிஸ்க்கை நூறு சதவீதத்தில் பிடித்துக்கொண்டிருக்கிறது."

அந்த நீளப் பெயர்தான் டிஃபெண்டர். புதிதாகப் பொறுப்பேற்றதால் முதல் ஸ்கேன் ஓடிக்கொண்டிருக்கும். இரவு முழுக்க சார்ஜரில் போட்டு, லேப்டாப் தானாகத் தூங்கப் போகாமல் செட்டிங்கை மாற்றிவிட்டு விடுங்கள். காலையில் அடங்கிவிடும்.

இதைப் பார்த்ததும் என் பழைய கம்ப்யூட்டர் ஞாபகம் வந்தது. விண்டோஸ் 7. ஒரு ஆன்டிவைரஸ் இருக்கும்போதே, "இரண்டு இருந்தால் இரட்டைப் பாதுகாப்பு" என்று நம்பி இன்னொன்றும் போட்டிருந்தேன். ஒரு வேர்ட் ஃபைலை டபுள் கிளிக் செய்தால் மணல் கடிகாரம் போல அந்த நீல வட்டம் சுற்றும், சுற்றும், சுற்றிக்கொண்டே இருக்கும். ஹார்ட் டிஸ்க் விளக்கு அணையவே அணையாது. காரணம் பிறகுதான் புரிந்தது. ஒரு ஃபைலைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் ஆன்டிவைரஸ் இடையில் புகுந்து, "நில், நான் பார்த்துவிட்டு விடுகிறேன்" என்று அதைப் பிடித்துவைக்கும். இரண்டு இருந்தால், ஒன்று படிப்பதற்காகத் திறந்த ஃபைலை மற்றது சந்தேகப்பட்டு நிறுத்தும். ஒன்று தனிச்சிறையில் வைத்திருக்கும் வைரஸை இன்னொன்று புதிதாகக் கண்டுபிடித்துக் கூச்சல் போடும். எனக்கு அப்படி ஒரே வைரஸுக்கு ஒரே நாளில் பதினோரு எச்சரிக்கை வந்தது.

நேரடிக் காவலுக்கு ஒன்றே ஒன்று. இரண்டாவது கருத்து வேண்டுமென்றால், கூப்பிட்டால் மட்டும் வந்து ஸ்கேன் செய்துவிட்டுப் போகிற வகை இருக்கிறது. மால்வேர்பைட்ஸின் இலவசப் பதிப்பு அப்படிப்பட்டதுதான். அதை டிஃபெண்டரோடு வைத்துக்கொள்ளலாம், சண்டை வராது.

6 ஆகஸ்ட் 2025

காலையிலும் அடங்கவில்லை என்கிறார். நேற்று நான் முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி: உள்ளே இருப்பது சுழலும் ஹார்ட் டிஸ்க்கா, சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டியா? ஹார்ட் டிஸ்க்தானாம். அப்படியென்றால் எந்த ஆன்டிவைரஸ் மாற்றினாலும் வேகம் வராது. ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ஃபைல்களைத் தேடித் தேடிப் படிப்பதுதான் ஸ்கேன். சுழலும் தட்டுக்கு அதுதான் மிகவும் கஷ்டமான வேலை. ஆன்டிவைரஸுக்கு என்று ஒதுக்கிய காசில் ஒரு எஸ்எஸ்டி போடுங்கள்.

10 ஆகஸ்ட் 2025

ஏவி-டெஸ்ட் மதிப்பெண்ணை வைத்து வாங்கலாமா என்று வேறொருவர் கேட்கிறார்.

அது ஜெர்மனியின் மாக்டபர்க் நகரில் இருக்கும் சோதனைக்கூடம். பாதுகாப்புக்கு 6, வேகத்துக்கு 6, தொல்லை இல்லாமைக்கு 6, மொத்தம் 18. இப்போதெல்லாம் முன்னணியில் இருக்கும் பத்துப் பன்னிரண்டு பேரும் பதினேழரைக்கும் பதினெட்டுக்கும் நடுவில் நெருக்கியடித்து நிற்கிறார்கள், டிஃபெண்டர் உட்பட. அந்த அரை மதிப்பெண்ணை வைத்துப் பணத்தைச் செலவு செய்யாதீர்கள். தொல்லை இல்லாமை என்கிற மூன்றாவது கட்டத்தை மட்டும் அலட்சியப்படுத்த வேண்டாம். நல்ல ஃபைலை வைரஸ் என்று தவறாகப் பிடிப்பது சின்ன விஷயம் அல்ல. 2010 ஏப்ரல் 21 அன்று மெக்காஃபி ஆன்டிவைரஸின் ஒரு அப்டேட், விண்டோஸ் எக்ஸ்பியின் சொந்த உறுப்பான எஸ்விசிஹோஸ்டையே வைரஸ் என்று தூக்கிவிட்டது. உலகம் முழுக்க கம்ப்யூட்டர்கள் மறுபடி மறுபடி ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டே இருந்தன.

ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக்கில் இருக்கும் ஏவி-கம்பேரட்டிவ்ஸ் என்ற இன்னொரு சோதனைக்கூடத்தின் அறிக்கைகளையும் இன்று மதியம் உட்கார்ந்து படித்தேன். அதில் நான் இத்தனை நாள் கண்டுகொள்ளாமல் விட்ட ஒரு பத்தி இருக்கிறது: இன்டர்நெட் இணைப்பு இல்லாதபோது எத்தனை பிடிக்கிறது என்பது. இணைப்பு இருந்தால் முன்வரிசையில் நிற்கும் டிஃபெண்டர், இணைப்பைத் துண்டித்தால் அந்தப் பத்தியில் மற்ற பலரைவிடத் தெளிவாகப் பின்தங்குகிறது. காரணம், அது பெரிய அளவில் மைக்ரோசாஃப்டின் கிளவுடை, அதாவது இன்டர்நெட்டில் இருக்கும் அவர்களுடைய கம்ப்யூட்டர்களைக் கேட்டுத்தான் முடிவெடுக்கிறது. கேட்க ஆள் இல்லாதபோது தடுமாறுகிறது.

ஆகவே முதல் குறிப்பைத் திருத்துகிறேன். "யாருடையதாக இருந்தாலும்" என்று எழுதியது தப்பு. எப்போதும் நெட்டில் இருக்கும் கம்ப்யூட்டருக்கு டிஃபெண்டர் போதும். நெட் இல்லாமல் பென் டிரைவிலேயே வாழும் கம்ப்யூட்டருக்கு அந்தப் பதில் பொருந்தாது.

11 ஆகஸ்ட் 2025

நேற்று அதை எழுதும்போது மனதில் இருந்தது சித்தப்பாவின் கம்ப்யூட்டர். அதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நானே அதில் டிஃபெண்டரை நம்பி விட்டுவிட்டு வந்தவன்.

அவர் கணக்கு எழுதுவதற்கும் கடிதம் தட்டுவதற்கும் மட்டும் அதை வைத்திருக்கிறார். நெட் கிடையாது. பிரிண்ட் எடுக்க பென் டிரைவில் போட்டு வெளியே கொண்டுபோவார். ஒருநாள் கூப்பிட்டு, "பென் டிரைவ்ல ஒண்ணுமே இல்லப்பா, ஆனா இடம் மட்டும் நிறைஞ்சிருக்கு" என்றார். போய்ப் பார்த்தேன். உள்ளே பென் டிரைவின் பெயரிலேயே ஒரே ஒரு ஐகான், அதன் இடது கீழ் மூலையில் சின்னதாக ஒரு வளைந்த அம்புக்குறி. அதாவது ஷார்ட்கட். அதைக் கிளிக் செய்தால் இன்னொரு ஜன்னல் திறந்து உங்கள் ஃபைல்கள் எல்லாம் வழக்கம்போலத் தெரியும். வைரஸும் அதே கிளிக்கில் ஓடிவிடும். சித்தப்பா அப்படி ஒரு மாதமாகக் கிளிக் செய்துகொண்டிருந்திருக்கிறார். அந்த ஷார்ட்கட்டே கெட்டுப்போய் ஃபைல் தெரியாமல் போன பிறகுதான் சந்தேகமே வந்திருக்கிறது.

மறைந்த ஃபைல்களைக் காட்டச் சொல்லி, பாதுகாக்கப்பட்ட சிஸ்டம் ஃபைல்களையும் காட்டச் சொன்ன பிறகு, பெயரே இல்லாத ஒரு ஃபோல்டர் மங்கலாகத் தெரிந்தது. ஐந்து வருஷக் கணக்கு அதற்குள் பத்திரமாக இருந்தது. கமாண்ட் பிராம்ப்டில் அட்ரிப் கட்டளை கொடுத்து மறைப்பை எடுத்தேன். டிஃபெண்டரைத் திறந்து பார்த்தால், வைரஸ் பட்டியல் கடைசியாக அப்டேட் ஆனது ஏழு மாதத்துக்கு முன்னால்.

அவருக்குக் காசு கொடுத்தே வாங்கினோம், பிட்டிஃபெண்டர். ஆனால் நெட் இல்லாத இடத்தில் எதை வாங்கினாலும் பட்டியல் பழசாகிக்கொண்டேதான் போகும் என்பதால், வாரம் ஒருமுறை போன் ஹாட்ஸ்பாட்டை இணைத்து பத்து நிமிஷம் விடச் சொல்லியிருக்கிறேன். டிஃபெண்டரோடே இருக்க விரும்புகிறவர்களும் இதையே செய்யலாம். அல்லது மைக்ரோசாஃப்ட் தளத்தில் வைரஸ் பட்டியலைத் தனி ஃபைலாகவே தருகிறார்கள், நெட் உள்ள இடத்தில் இறக்கிக் கொண்டுவந்து ஓட்டலாம்.

19 ஆகஸ்ட் 2025

"இலவசமானது நிறைய இருக்கிறதே, அதில் ஒன்றைப் போடலாமே?"

போடலாம். ஆனால் ஆன்டிவைரஸ் என்பது உங்கள் வீட்டுச் சாவிக்கொத்தை முழுதாகக் கையில் வாங்கிக்கொள்ளும் ஆள். எல்லா ஃபைலையும் படிக்கும். பிரௌசரில் நீங்கள் போகும் ஒவ்வொரு முகவரியையும் பார்க்கும். அவாஸ்ட் என்ற ஆன்டிவைரஸ் நிறுவனம் தன் உபயோகிப்பாளர்களின் பிரௌசிங் விவரங்களை ஜம்ப்ஷாட் என்ற துணை நிறுவனம் வழியாக விற்றது. 2020-ல் விஷயம் வெளியே வந்து ஜம்ப்ஷாட்டை மூடினார்கள். 2024 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் 1.65 கோடி டாலர் கட்டச் சொன்னது. தடம் பார்ப்பவர்களைத் தடுப்போம் என்று சொல்லி வாங்கிய விவரத்தையே விற்றார்கள் என்பதுதான் குற்றச்சாட்டு. இதைப் படித்த நாளிலிருந்து, இலவசம் என்றால் முதலில் செட்டிங்ஸில் 'தகவல் பகிர்தல்' பகுதியைத் திறந்து எல்லாவற்றையும் அணைக்கிறேன்.

நார்ட்டன், அவாஸ்ட், ஏவிஜி, அவிரா நான்கும் இப்போது ஒரே கூரையின் கீழ், ஜென் டிஜிட்டல் என்ற ஒரே நிறுவனத்தில் இருக்கின்றன. நான்கையும் நான்கு போட்டியாளர்களாக நினைத்து ஒப்பிட்டு மண்டையைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

காஸ்பர்ஸ்கி பற்றியும் கேட்டார்கள். சோதனைகளில் அதன் பிடிக்கும் திறனைக் குறை சொன்னவர்கள் குறைவு. 2024 ஜூனில் அமெரிக்கா தன் நாட்டில் விற்பனையைத் தடை செய்தது, செப்டம்பர் 29-க்குப் பிறகு அங்கே அப்டேட்டும் கிடையாது என்றாகிவிட்டது. நிறுவனம் ரஷ்யாவில் இருக்கிறது, அந்த அரசு கைவைக்க முடியும் என்பது அவர்கள் சொன்ன காரணம். நிறுவனம் மறுத்தது. மற்ற நாடுகளில் விற்கிறார்கள். திறமை ஒரு கேள்வி, சாவிக்கொத்தை யாரிடம் தருகிறோம் என்பது வேறு கேள்வி. இரண்டாவதற்கு உங்களுக்குள் தயக்கம் இருந்தால் முதலாவதைப் பார்க்கவே வேண்டாம்.

20 ஆகஸ்ட் 2025

வாங்குகிறவர்களுக்கு: முதல் வருஷ விலை வேறு, இரண்டாம் வருஷம் தானாகக் கழிக்கும் விலை வேறு. வாங்கிய அன்றே ஆட்டோ ரின்யூவலை அணையுங்கள்.

7 செப்டம்பர் 2025

இன்று அக்கா மகளின் லேப்டாப்பில் நடந்தது. இன்னும் கை நடுங்குகிறது.

ஏதோ பாடத்துக்கு ஒரு பக்கத்தைத் திறந்திருக்கிறாள். "நான் ரோபோ அல்ல" என்ற பெட்டி. எல்லோரும் தினம் பார்ப்பது. டிக் செய்தாள். அடுத்து மூன்று வரி வந்தது: விண்டோஸ் கீயையும் ஆர் கீயையும் அழுத்து, கன்ட்ரோலும் வி-யும் அழுத்து, என்டர் தட்டு. "மாமா, இது புதுசா இருக்கே" என்று கூப்பிட்டாள். நான் வந்தபோது ரன் பெட்டி திறந்து, அதில் ஒரு வரி ஒட்டப்பட்டிருந்தது. பெட்டியில் தெரிந்தது வாலில் இருந்த "சரிபார்ப்பு எண்" மட்டும்தான். கர்சரை இடதுபக்கம் நகர்த்திக்கொண்டே போனால், பவர்ஷெல் (விண்டோஸில் கட்டளைகளை ஓட்டும் கருவி) என்று ஆரம்பித்து எங்கிருந்தோ எதையோ இறக்கி ஓட்டும் கட்டளை. விரல் என்டர் மேல் இருந்தது.

டிக் செய்தபோதே அந்தப் பக்கம் கட்டளையை கிளிப்போர்டில் (காப்பி செய்தது தங்கும் இடம்) வைத்துவிடுகிறது. பிறகு நம் கையாலேயே நம்மை ஓட்டவைக்கிறது. லும்மா என்ற திருட்டு மென்பொருள் பரவிய வழிகளில் இதுவும் ஒன்று. 2025 மார்ச் 16-லிருந்து மே 16 வரை, இரண்டே மாதத்தில், 3,94,000-க்கும் மேற்பட்ட விண்டோஸ் கம்ப்யூட்டர்களில் லும்மா புகுந்திருப்பதை மைக்ரோசாஃப்ட் கண்டது. இந்த வகை வந்து தங்குவதில்லை. பிரௌசரில் சேமித்த பாஸ்வேர்டுகள், லாகின் குக்கீகள் (நாம் உள்ளே நுழைந்திருப்பதைத் தளங்கள் நினைவில் வைக்கும் குறிப்புகள்) எல்லாவற்றையும் சில நிமிஷத்தில் அள்ளிக்கொண்டு போய்விடும். நாளைக்கு ஆன்டிவைரஸ் அதைப் பிடித்தாலும் பாஸ்வேர்டு போனது போனதுதான்.

காசு கொடுக்காமல் ஓட்டப் பூட்டை உடைத்துத் தரும் கிராக் மென்பொருளும் இதே வாசல். பாஸ்வேர்டு போட்ட ஜிப்பாக வரும், பாஸ்வேர்டைப் பக்கத்திலேயே எழுதியிருப்பார்கள். உள்ளே இருப்பதை ஆன்டிவைரஸ் பார்க்கக்கூடாது என்பதற்கான பூட்டு அது. "ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு இன்ஸ்டால் செய்யவும்" என்றும் கூடவே எழுதியிருக்கும்.

8 செப்டம்பர் 2025

நேற்று பதற்றத்தில் எழுதியதைப் படித்தால், ஆன்டிவைரஸே வீண் என்று சொன்னதுபோல இருக்கிறது. அப்படி இல்லை. அவள் என்டர் தட்டியிருந்தாலும், அந்தக் கட்டளை இறக்கப்போகும் முகவரியையோ, பவர்ஷெல்லின் நடத்தையையோ பார்த்து ஒரு நல்ல ஆன்டிவைரஸ் தடுத்திருக்க வாய்ப்பு உண்டு. தடுக்காமலும் போயிருக்கலாம்.

முதலில் கேள்வி கேட்டவரும் இன்று எழுதியிருக்கிறார். அப்பாவின் திரையில் வலது கீழ் மூலையில் "5 வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டது" என்று வந்துகொண்டே இருக்கிறதாம், எந்த ஆன்டிவைரஸ் வாங்கினால் நிற்கும் என்கிறார். எதுவும் வாங்க வேண்டாம். அந்தப் பெட்டியில் சின்ன எழுத்தில் பிரௌசரின் பெயரும் ஏதோ ஒரு தளத்தின் முகவரியும் இருக்கும், பாருங்கள். அப்பா எப்போதோ ஒரு தளத்தில் 'அலவ்' அழுத்தியிருக்கிறார், அது அனுப்பும் நோட்டிஃபிகேஷன் இது. பிரௌசர் செட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷன் பட்டியலைத் திறந்து, தெரியாத முகவரிகளை எல்லாம் நீக்குங்கள். அதில் வரும் போன் நம்பருக்கு மட்டும் கூப்பிடாதீர்கள்.

8 செப்டம்பர் 2025, இரவு

நின்றுவிட்டதாம். பதினேழு தளங்கள் இருந்தனவாம்.

15 அக்டோபர் 2025

நேற்றோடு விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்தது. முதலில் கேள்வி கேட்டவருடைய லேப்டாப் விண்டோஸ் 11-க்குத் தகுதி பெறவில்லை. "நல்ல ஆன்டிவைரஸ் போட்டால் 10-லேயே ஓட்டலாம் அல்லவா?"

இதில் தயவுசெய்து ஏமாறாதீர்கள். 2017 மே 12 அன்று வன்னாகிரை என்ற ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ்) பரவியது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் பேட்ச்சை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14 அன்றே, இரண்டு மாதம் முன்பே கொடுத்துவிட்டது. அடி வாங்கியவை பேட்ச் போடாத கம்ப்யூட்டர்கள். யாரும் எதையும் கிளிக் செய்யவில்லை, நெட்வொர்க் வழியாகவே ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவியது. ஆன்டிவைரஸ் வாசலில் நிற்கும் ஆள். சுவரில் ஓட்டை இருந்தால் அவரால் என்ன செய்ய முடியும்?

விண்டோஸ் 10-க்கு நீட்டித்த பாதுகாப்பு அப்டேட் 2026 அக்டோபர் 13 வரை உண்டு. செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே சேர்ந்துகொள்ளலாம். இன்றைக்கே சேருங்கள். ஒரு வருஷம் கையில் இருக்கும், அதற்குள் புது கம்ப்யூட்டரா, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸா என்று முடிவெடுக்கலாம்.

2 நவம்பர் 2025

அவர் வீட்டு நிலவரம். எஸ்எஸ்டி போட்டாகிவிட்டது. நீட்டித்த அப்டேட்டில் சேர்ந்தாகிவிட்டது. டிஃபெண்டர்தான் ஓடுகிறது. அப்பாவுக்கு அட்மின் உரிமை இல்லாத தனி அக்கவுண்ட்.

ரான்சம்வேருக்காக 'கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ்' என்பதையும் போடச் சொன்னேன். 2017-லிருந்து விண்டோஸ் 10-க்குள்ளேயே இருக்கிறது, ஆனால் அணைத்தே வைத்திருப்பார்கள். போட்டால், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் ஃபோல்டர்களில் முன்பின் தெரியாத மென்பொருள் எதுவும் கைவைக்க முடியாது. போட்ட அன்று மாலையே அப்பாவின் போட்டோ மென்பொருள் சேவ் ஆகவில்லை என்று போன். அனுமதிப் பட்டியலில் அந்த ஒன்றை மட்டும் சேர்த்ததும் சரியானது. போட்டோக்களின் இன்னொரு பிரதி, காப்பி எடுத்ததும் கழற்றி வைத்துவிடும் வெளி டிஸ்க்கில் இருக்கிறது. கழற்றாமல் செருகியே வைத்திருந்தால் ரான்சம்வேர் அதையும் சேர்த்துப் பூட்டும்.

கடைசியாக, காவல் நிஜமாகவே விழித்திருக்கிறதா என்று பார்க்க ஐகார் சோதனை ஃபைலைச் செய்து பார்க்கச் சொன்னேன். 68 எழுத்துள்ள ஒரே ஒரு வரி. அதில் எந்தக் கெடுதலும் இல்லை. எல்லா ஆன்டிவைரஸும் அதை வைரஸ் போலவே பிடிக்க வேண்டும் என்று முன்பே பேசிவைத்த வரி. நோட்பேடில் ஒட்டி சேவ் கொடுத்திருக்கிறார். ஃபைல் டெஸ்க்டாப்பில் ஒரு கணம் தெரிந்து, காணாமல் போய், மூலையில் எச்சரிக்கை வந்திருக்கிறது. பக்கத்தில் இருந்த அப்பா, "இது நிஜம்தானே, அந்தப் பதினேழில் ஒண்ணு இல்லையே?" என்று கேட்டு, பெட்டியில் யார் பெயர் இருக்கிறது என்று குனிந்து படித்தாராம்.